கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

1. ஜன்னலோர மேசை

ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலைமை டெக்னாலஜிஸ்ட் மிஸ்டர் கூய் என்னை ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப் போனார். எழுபதுகளின் கடைசி அது. “இதுதான் ஸ்டூல் பெஞ்ச். மலப் பரிசோதனை. புதுசா வர்ற எல்லாருக்கும் இங்கதான் ஆரம்பம் லா. சில பேரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவங்க திரும்பியே வரல” என்றார். அவர் சீனர். ஆங்கிலத்தையும் மலாயையும் பிசைந்து, பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘லா’ சேர்த்துப் பேசுவார். நான் இங்கே என் தமிழில் தருகிறேன்.

நான் திரும்பி வந்தேன். நிபோங் திபால் பக்கம் பைராம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வயிற்றுப் புழு என்பது சளி, காய்ச்சல் மாதிரி வந்து போகிற சங்கதி. பள்ளி விடுமுறை வந்தால் வீட்டுக்கு வீடு விளக்கெண்ணெய் வரும். அன்றைக்குப் பிள்ளைகள் யாரும் வெகுதூரம் விளையாடப் போகமாட்டோம்.

அதனால் அந்த மேசையில் எனக்கு அருவருப்பு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மூடியிலேயே கரண்டி வைத்த சின்னப் போத்தலை ஆஸ்பத்திரி கொடுக்கும். நம் ஜனங்களோ பிஸ்கட் டின்னில் கொண்டுவருவார்கள். ஒரு அம்மா போத்தலைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிக் காயவைத்து அதில் கொண்டுவந்தார். எந்தப் புழு அதில் உயிரோடு இருக்கும்? இன்னொருவர் நாற்றம் வரக்கூடாதே என்று மாதிரியின் மேலேயே சென்ட் தெளித்திருந்தார். எங்கள் கூடம் அன்று முழுவதும் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

மிஸ்டர் கூய் எனக்குக் கற்றுக்கொடுத்த சட்டம் ஒன்றுதான். “பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே.” இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

2. குரைக்கிற நாய்

இனி நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு அணுவைத் தெரிந்துகொண்டால் போதும். ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஈசினோஃபில் என்று ஒன்று உண்டு. சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் பொடிப்பொடியாக மின்னும். சாதாரணமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும். உடம்பில் புழு புகுந்தால் கூட்டமாகக் கிளம்பிவிடும். சங்கடம் என்னவென்றால், அலர்ஜிக்கும் இதே கூட்டம்தான் கிளம்பும். தூசியால் வருகிற இழுப்பு, சாப்பாட்டால் வருகிற தடிப்பு, எல்லாவற்றுக்கும் இதே ஆட்கள்.

எங்கள் நெஞ்சு நோய் டாக்டர் தேவராஜ் இதை அழகாகச் சொல்வார். “வீட்டு நாய் மாதிரிதாம்மா. திருடன் வந்தாலும் குரைக்கும், தபால்காரன் வந்தாலும் குரைக்கும். சத்தத்த மட்டும் கேட்டு வந்தது யாருன்னு சொல்ல முடியாது. எழுந்து போய் வாசல்ல பாக்கணும்.” அப்படி எழுந்து போய்ப் பார்ப்பதுதான் எங்கள் மேசையின் வேலை.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சீக்கிரமே கண்டேன். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சளி மாதிரி வந்தது. சாயம் ஏற்றிய ஸ்லைடில் சுருள் சுருளாக ஏதோ கிடந்தது. மிச்சச் சளியில் ஒரு சொட்டை அப்படியே எடுத்து லென்சுக்குக் கீழே வைத்தேன். புழுக்குஞ்சுகள் நெளிந்தன. குடலில் இருக்கவேண்டியவை நுரையீரலில் இருந்தன.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று பெயர். நூலைவிட மெல்லிய புழு. மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். மற்றப் புழுக்கள் சில வருஷத்தில் செத்துப்போகும். இது மட்டும் உள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சும் மறுபடி அதே உடம்புக்குள் புகுந்து, ஆளோடு ஆளாக ஆயுள் முழுக்கக் குடியிருக்கக்கூடியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடக்கி வைத்திருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அந்த நோயாளிக்கு வேறொரு வியாதிக்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஸ்டீராய்டு நாயைத் தூங்க வைத்துவிடும். காவல் இல்லாத வீட்டில் புழுக்கள் பெருகி நெஞ்சுவரை ஏறிவிட்டன. உள்ளே புழு இருந்தது யாருக்கும் தெரியாது. அவர் பிழைக்கவில்லை. அந்த ஸ்லைடு எனக்கு வெகுநாள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அதற்குப் பிறகு, ஈசினோஃபில் கூடியிருக்கிற யாருக்கும் மலத்தைப் பார்க்காமல் டாக்டர் தேவராஜ் ஸ்டீராய்டு எழுதியதில்லை.

3. சிவஞானம் வீட்டுப் போத்தல்கள்

எண்பதுகளின் நடுவில் டாக்டர் தேவராஜிடம் வைத்தியத்துக்கு வந்தார் மிஸ்டர் சிவஞானம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அரசாங்க ஆபீஸில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கும்படி பளபளக்கிற சப்பாத்து, அதாவது ஷூ. நான் போகிற கோயிலில் அன்னதானத்துக்கு அவர்தான் பொறுப்பு. வெளியிலிருந்து ஒரு பாத்திரம் வந்தால் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற விடுவார். முட்டை போட்ட கேக் கூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட சைவம்.

அவருக்கு வருஷக்கணக்காக அரிப்பு. இடுப்பிலும் தொடையிலும் சிவப்புக் கோடாகத் தடித்து, மணிக்கு மணி இடம் நகர்ந்து, பிறகு இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். பார்த்தவர்கள் எல்லாம் அலர்ஜி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். முதல் பழி கத்தரிக்காய் மேல் விழுந்தது. நம் ஆட்களுக்கு உடம்பில் எங்கே அரித்தாலும் கத்தரிக்காய்தானே குற்றவாளி! அதை நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லை. தக்காளி போயிற்று, பூசணிக்காய் போயிற்று, கடலை போயிற்று. கடைசியில் சோறு, பருப்பு, மோர் என்று வந்து நின்றது. இப்போது இழுப்பும் சேர்ந்துகொண்டது. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ரத்தத்தில் ஈசினோஃபில் எக்கச்சக்கமாக இருந்தது.

இழுப்பை அடக்க டாக்டர் ஸ்டீராய்டு தொடங்க நினைத்தார். வழக்கப்படி அதற்கு முன் மூன்று நாள் காலை மல மாதிரி கேட்டார். பேங்கில் வேலை செய்த அவருடைய மகன் கணேசன் ஒவ்வொரு காலையும் போத்தலைக் கவுண்டரில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடையைக் கட்டுவான். அப்படி ஒரு நல்ல மாதிரியை நாங்கள் பார்ப்பதே அபூர்வம். நேரத்துக்கு வந்தது, கிருமிநாசினி இல்லை, சென்ட் இல்லை. முதல் இரண்டை என்னுடன் வேலை செய்தவர் பார்த்தார். மூன்றாவது எனக்கு வந்தது. மூன்றிலும் புழுவோ முட்டையோ இல்லை.

ரிப்போர்ட் எழுதப் பேனாவைத் திறந்தபோதுதான் கண்ணில் இடறியது. மஞ்சள் பழுப்பில் சின்னச் சின்ன உருளைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் குறுக்கே மெல்லிய கோடுகள். செரிக்காத இறைச்சி நார். இறைச்சியைச் சரியாக மெல்லாமல் அவசர அவசரமாக விழுங்குகிறவர்களிடம் இதைப் பார்க்கலாம். நோய் ஒன்றுமில்லை, நாங்கள் தினமும் பார்க்கிறதுதான். போத்தலைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். சிவஞானம் என்று இருந்தது. எழுத்தெழுத்தாக மறுபடி படித்தேன்.

ஒன்று, அன்னதான சிவஞானம் ஒளிந்து இறைச்சி சாப்பிடுகிறார். அது அவர் பாடு, எனக்கென்ன வந்தது. அல்லது இது அவருடைய மலமே இல்லை. அப்படியானால் ‘புழு இல்லை’ என்று நான் எழுதுகிற ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் ஸ்டீராய்டு கொடுப்பார். பழைய சளி ஸ்லைடு ஞாபகத்துக்கு வந்தது.

மிஸ்டர் கூயிடம் போனேன். அவர் லென்சில் பார்த்தார், சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். “இந்தப் போத்தலுக்குள்ள புழு இல்ல, அத நீ பார்த்த. இது அந்த மனுஷனோடதுன்னு பார்த்தியா? இல்லல்ல? அப்ப எப்படி எழுதுவ லா?” என்றார். டாக்டருக்குப் போன் செய்தோம். அவர் மாத்திரை தொடங்குவதைத் தள்ளி வைத்தார்.

4. மத்தியானச் சாப்பாடு

மறுபடி மாதிரி வேண்டும் என்று டாக்டர் கேட்டதும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று முறை கொடுத்தாயிற்று, இனி முடியாது என்று எழுந்து போய்விட்டார். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கேன்டீன் பக்கம், அப்பாவோடு வந்திருந்த கணேசனைப் பிடித்தேன்.

“தம்பி, நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

அவன் முகம் வெளுத்துப் போனது.  “நாசி கண்டார்” என்றான். முஸ்லிம் கடைச் சோறும் கறியும் அது.

“என்ன வச்சு?”

“கம்பிங், அக்கா.” ஆட்டிறைச்சி. “மூணு நாளும் அதேதான். ஆபீஸ் லஞ்ச் டைம் கொஞ்சம்தான், ஓடிப்போய் முழுங்கிட்டு ஓடி வருவேன். அது கூடவா அக்கா தெரியும் அதுல?”

“அது மட்டுந்தான் தம்பி தெரிஞ்சுச்சு.”

பிறகு எல்லாம் வந்தது. முதல் நாளே பெரியவர் போத்தலை மகனிடம் நீட்டி, அந்த அசிங்கமெல்லாம் தன்னால் முடியாது, உன்னுடையதையே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டாராம். “கோயில்ல பாக்குற பொண்ணு, அவ கையில போய் இத எப்படிக் குடுக்குறதுன்னு கேட்டாரு. அவருக்கு ரொம்ப மாலு லா, வெட்கம் அக்கா. எங்க வீட்டுல அப்பா சொன்னா சொன்னதுதான். நானும் குடுத்துட்டேன்” என்றான். வெட்கத்தால் ஒருவர் கொடுக்கவில்லை, பயத்தால் இன்னொருவர் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் உயிரோடு விளையாடியது இந்த இரண்டும்தான்.

“நாளைக்கு டவுன்ல பிரைவேட் டாக்டரைப் பாக்கப் போறேன்னு நிக்கிறாரு. அங்க போனா உடனே மாத்திரை எழுதிடுவாங்கல்ல?”

“எழுதிடுவாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அக்கா, வீட்டுக்கு வந்து சொல்லுங்க. ஆனா கம்பிங் விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க.”

5. முன்கூடம்

வேலை முடிந்ததும் நேரே புலாவ் தீக்குஸில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. பெரியவர் முன்கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சு விசிலடிப்பது கதவுவரை கேட்டது. பக்கத்தில் அவர் மனைவியும் கணேசனும் நின்றார்கள்.

“பிள்ளை, குடுத்த மூண்டும் ஏன் சரிவரேல்லை?” என்று பெரியவர் கேட்டார்.

“அதுல உங்க வியாதியப் பாக்க முடியல ஐயா” என்றேன். பொய்யில்லை.

“இந்தப் புழுப் பூச்சி எல்லாம் தோட்டத்து ஆக்களுக்கு வாற வருத்தம். நாங்கள் சப்பாத்துப் போடுற ஆக்கள். எங்களுக்கு அது எப்படி வரும்?” அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

எனக்குச் சுருக்கென்றது. “நானும் தோட்டத்துப் பொண்ணுதான் ஐயா. பைராம் தோட்டம்” என்றேன்.  எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த விசில் சத்தம்தான் என்னை உட்கார வைத்தது.

சளி ஸ்லைடைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். “நாளைக்கே உங்களுக்கு அந்த மாத்திரை கிடைக்கும். ரெண்டு நாள்ல இழுப்புக் கூடக் குறையும். ஆனா உள்ள அந்தப் புழு இருந்துச்சுன்னா, அந்த மாத்திரையே உங்கள முடிச்சிடும்” என்றேன்.

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “குடுங்கோவன். நான் இந்த வீட்டில ஒரு கத்தரிக்காய் வெட்டி எத்தினை வருசம். ஒண்டாலயும் மாறேல்லையே” என்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா? செருப்பில்லாம மண்ணுல நின்னு வேலை செஞ்சதே இல்லையா? சின்ன வயசுல கூட?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். பார்வை வாசலில் இருந்த சப்பாத்துகளுக்குப் போனது.

“ஜப்பான்காரன் நாட்டைப் பிடிச்ச காலத்தில” என்று ஆரம்பித்தார். “சோத்துக்கு வழியில்லை. கந்தோரில, ஆபீசில வேலை செய்த பெடியங்களான எங்களைச் சுங்கை பாக்காப் பக்கம் மரவள்ளி நட அனுப்பிப்போட்டாங்கள். என்ர சப்பாத்து முதல் மழையிலயே வாயைப் பிளந்திட்டுது. பிறகு வெறுங்கால்தான். தோட்டத்துச் சனத்தோட முழங்காலளவு சேத்தில நிண்டு நட்டனான். மண்வெட்டி பிடிக்கக் கூடத் தெரியாது எனக்கு. ரப்பர்ப் பால்வெட்டுற ஒரு மனிசி தன்ர பிள்ளையளுக்கு அவிச்ச கிழங்கில எனக்கும் ஒரு துண்டு வைப்பா. அதிலதான் தப்பினனான்.” மூச்சு வாங்க நிறுத்தினார். “இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.”

கணேசன் அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சண்டை முடிஞ்சு புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டன். அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.”

“நீங்க முடிச்சிட்டீங்க ஐயா. அது முடிக்காம இருக்கலாம்” என்றேன்.

கையோடு கொண்டுபோயிருந்த புதுப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் அதைத் தொடவில்லை. 

6. லென்சுக்குக் கீழே

மறுநாள் கவுண்டர் திறந்ததும் பெரியவர் முதல் ஆளாக நின்றார். டை கட்டியிருந்தார். கையில் குடை. போத்தலை எதிலும் சுற்றாமல் வைத்து, “இது என்னுடையது” என்றார்.

உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டுக் கரைத்து லென்சுக்குக் கீழே வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாட்டை சுழற்றுவதுபோல் நெளிந்துகொண்டிருந்தன. சந்தோஷப்படக்கூடாத விஷயம்தான். ஆனாலும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வாசலில் நின்ற திருடனைப் பார்த்துவிட்டோம்.

அவர் தானும் பார்க்கவேண்டும் என்றார். மிஸ்டர் கூய் முக்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். “இத்தனை வருசம் என்னோட இருந்திருக்கினம். இவையும் சைவமோ, பிள்ளை?”

கதவோரம் நின்ற கணேசன் பக்கம் நான் வேண்டுமென்றே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பேன்.

ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. தயாபெண்டசோல் என்ற புழு மாத்திரை கொடுத்தார்கள். தலைசுற்றலும் குமட்டலுமாகப் படுத்துவிட்டார், அந்த மருந்தின் குணம் அது. பிறகு மெல்ல மெல்ல அரிப்பு நின்றது. இழுப்பு இறங்கியது. ரத்த ஸ்லைடில் ஈசினோஃபில்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அப்போது டாக்டரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். தோட்டத்தில் எங்கள் வயிறு நிறையப் புழு, ஆனால் இழுப்பு வந்த பிள்ளை ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. டவுனில் சுத்தமாக வளர்கிற என் மகளோ பாயை உதறினால் தும்முகிறாள். ஏன்? “திருடனே வராத வீட்டு நாய் காத்துக்கும் குரைக்கும்னு சில பேர் நினைக்கிறாங்க. ஆனா பெரியவருக்குப் புழுவே இழுப்பக் கொடுத்துச்சு. முழுசா யாருக்கும் தெரியாதும்மா. அதுக்காகப் பிள்ளைக்குப் புழு வளத்துவிட முடியுமா?” என்று சிரித்தார்.

அடுத்த அன்னதானத்தில் கத்தரிக்காய்க் குழம்பு. பெரியவரே கரண்டி பிடித்து என் இலையில் இரண்டு முறை ஊற்றினார். பக்கத்தில் அப்பளம் வைத்துக்கொண்டு வந்த கணேசன் குனிந்து, “நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு அப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு அக்கா” என்றான். பெரியவர் போய்ச் சேரும்வரை நான் சொல்லவில்லை. இப்போது கணேசனின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

7. கவுண்டர்

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். போத்தலை வாங்கும்போது ஆளின் முகத்தைப் பாருங்கள். “இது உங்களோடதுதானே?” என்று சிரிக்காமல் கேளுங்கள். உலகத்தில் எந்த மெஷினும் அந்தக் கேள்வியை உங்களுக்குப் பதிலாகக் கேட்காது. வெட்கப்படுகிற மனிதன் பொய்யான மாதிரியைக் கொடுப்பான். பொய்யான மாதிரிக்கு நாம் எழுதுகிற சரியான ரிப்போர்ட் ஆளைக் கொன்றுவிடும்.

இதை நான் சொன்னதைவிட நன்றாக ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குணமான சில மாதங்களுக்குப் பிறகு, புழு மறுபடி தலைகாட்டுகிறதா என்று பார்க்கச் சிவஞானம் ஐயா போத்தலோடு வந்திருந்தார். கவுண்டரில் நல்ல கூட்டம். பேக்டரிப் பெண்கள், நிபோங் திபாலிலிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டத்து ஆட்கள், எல்லாரும் நின்றார்கள். அவருக்கு முன்னால் ஒரு அம்மா. பட்டுப் புடவை, கையில் நாலு மடிப்பு செய்தித்தாளில் சுற்றிய போத்தல். முறை வந்ததும் சுற்றிலும் பார்த்தார். பிறகு பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

“அம்மா” என்று சிவஞானம் ஐயா கூப்பிட்டார். ஆபீஸில் உத்தரவு போட்ட குரல் அது, வரிசை முழுக்கத் திரும்பியது. “வெட்கப்படாமல் குடுத்திட்டுப் போங்கோ. எனக்கும் இருந்தது. சுங்கை பாக்காப்பில தோட்டத்து ஆக்களோட வெறுங்காலில நிண்டு மரவள்ளி நட்டனான். அங்க வந்தது.”

அந்த அம்மா திரும்பி வந்து போத்தலை வைத்தார். அவருக்குப் பின்னால் ஐயா தன்னுடையதை வைத்தார். நான் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“என்னுடையதுதான் பிள்ளை” என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி.